உள்தாழ்ப்பாள்

இன்ச் டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை கடையிலிருந்து வந்த பையன் கையில். முகப்பேரில் எங்கள் வீட்டுக் குளியலறையை அளந்துகொண்டிருந்தோம். நீளம் ஏழடி, அகலம் நாலே முக்கால் அடி, வாசல் இரண்டே கால் அடி. வாசலை மட்டும் அவன் இரண்டு முறை அளந்தான். "மேடம், தொட்டியை எங்க வைக்கறதுங்கறது அப்புறம். முதல்ல இந்த வாசல்ல நுழையணுமே" என்றான். ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மா, "நானே நுழைய முடியல, தொட்டி எப்படிப்பா நுழையும்?" என்று கேட்டாள். பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் தளர்ந்தன. பிசியோதெரபியில் கால் பாதி திரும்பியது. கை திரும்பவில்லை. வலது கையில் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்தபடி வீட்டுக்குள் நடப்பாள். போன ஆடி மாதம் குளியலறைப் படியில் கால் தடுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். அன்று மாலையே வீட்டில் ஒரு சட்டம் வந்தது: அம்மா குளிக்கும்போதும் கழிவறை போகும்போதும் கதவைச் சாத்தக் கூடாது. சட்டத்தைப் போட்டவள் நான்தான். பெண்ணுரிமை பற்றிக் கருத்தரங்கம் கருத்தரங்கமாகப் போய்ப் பேசிவிட்டு வருகிற நான்.

அடுத்த சில வாரங்களில் அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். பயணம் போகிற பெண்களும் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகளும் செய்கிற அதே கணக்கு. குடித்தால்தானே போக வேண்டும். குளியலும் தினமும் என்பது போய் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. "எனக்கு வேர்க்கவே இல்லடி" என்பாள், சித்திரை வெயிலில்.

தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு படம் அனுப்பினான். பக்கவாட்டில் கதவு வைத்த குளியல் தொட்டி. உள்ளே பெஞ்சு மாதிரி ஓர் இருக்கை, அதில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி கழுத்தளவு நீரில் சிரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, காசைப் பத்திக் கவலைப்படாதே" என்றான். அவன் நல்லவன். அம்மா விழுந்த இரவு அவன் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நம் வீடுகளில் ஆண்பிள்ளையின் அன்பு ரூபாயாகவும் டாலராகவும் வருகிறது, பெண்பிள்ளையின் அன்பு முழங்கை வரை நனைந்து வருகிறது. இந்தப் பங்கீட்டை யார் செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தொட்டியைப் பற்றி மூன்று வாரம் படித்தேன், கடை கடையாக ஏறி இறங்கினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் உதவும். சாதாரணத் தொட்டியின் விளிம்பு ஒன்றரை அடி உயரம் இருக்கும். இழுத்து நடக்கிற காலைத் தூக்கி அதைத் தாண்டுவது, அதுவும் ஈரத்தில், நடக்காத காரியம். கதவு வைத்த தொட்டியில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சில அங்குலப் படி மட்டும்தான். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து கதவைப் பூட்டிய பிறகுதான் தண்ணீரைத் திறக்க முடியும். குளித்து முடித்து, கடைசிச் சொட்டு வடிந்த பிறகுதான் கதவைத் திறக்க முடியும். அதுவரை ஈர உடம்போடு, நிர்வாணமாக, குளிரக் குளிர உட்கார்ந்திருக்க வேண்டும். கதவு உள்பக்கம் திறக்கிற வகையாக இருந்தால், உள்ளே மயக்கம் வந்துவிட்டால், தண்ணீரின் அழுத்தத்தில் அதைத் திறக்கவே முடியாது. விளம்பரத்துப் பாட்டி சிரிக்கிறாள் அல்லவா, அவள் வடிவதற்குக் காத்திருக்கிற நேரத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

நிரம்ப நூற்றைம்பது, இருநூறு லிட்டர் வேண்டும். எங்கள் கீசர் பதினைந்து லிட்டர். முதல் பதினைந்து சூடாகப் போகும், மற்றது மேல்தொட்டித் தண்ணீர். இருநூறு லிட்டர் என்றால் இருநூறு கிலோ, அதோடு தொட்டியின் எடை, அம்மாவின் எடை. இவ்வளவையும் மூன்றாவது மாடிக் குளியலறைத் தளம் தாங்குமா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அதெல்லாம் தாங்கும் மேடம்" என்றார். எந்தக் கணக்கில் என்று கேட்டேன். அவர் வேறு மாடல் காட்டப் போய்விட்டார். விலை மூன்றரை லட்சம், பொருத்தும் கூலி தனி.

தண்ணீர்க் கதை இன்னும் வேடிக்கை. எங்கள் பகுதியில் 'ஏரித் திட்டம்' என்றே ஒரு குடியிருப்பு உண்டு. பெயரில் ஏரி இருக்கிறது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஊரே குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றபோது, ஏரி என்று முகவரி எழுதுகிறவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். குடம் பிடித்து நின்ற கைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. நகரத்தில் ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் திட்டம் போடுகிறவர்களின் கணக்கு. ஒரு முறை தொட்டியில் உட்கார்ந்தால் அது முழுக்கத் தீர்ந்து கடனும் ஏறும்.

இவ்வளவு தெரிந்தும் அந்தத் தொட்டி எனக்கு வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்து, பெண்கள் உடலை எழுதலாமா என்று இங்கே பெரும் கூச்சல் எழுந்தபோது நான் எம்.ஃபில். மாணவி. எழுதலாம், எழுதுவோம் என்று கத்திய கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிறகு நானும் எழுதினேன். என் இரண்டு தொகுப்புகளையும் போன மாதம் எடுத்துப் புரட்டினேன். அதில் இருக்கிற உடல்கள் எல்லாம் இருபத்தைந்து, முப்பது வயது உடல்கள். ஆசை இருக்கிறது, உதிரம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. மார்பின் அடியில் வேர்க்குரு வந்து புண்ணான எழுபது வயது உடல் ஒன்றுகூட இல்லை. தன் கையால் தன்னைத் துடைத்துக்கொள்ள முடியாத உடல் இல்லை. அம்மாவை முதன்முதலாகக் குளிப்பாட்டிய நாளில் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். வலது கையால் கம்பியைப் பிடித்திருந்ததால் மறைத்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. நானும் வேறு எங்கோ பார்த்தபடி சோப்புப் போட்டேன். இருபது வருடமாக உடலைப் பாடியவள், தன்னைப் பெற்ற உடலைப் பார்க்க முடியாமல் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை லட்சம் கொடுத்தாவது இதிலிருந்து தப்பிக்கலாம் என்பதுதான் என் கணக்கு. தம்பியின் கணக்கும் அதுவே. அவனுக்கு எட்டாயிரம் மைலுக்கு மேல் தூரம் கிடைத்திருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பில் பரிபாடல் நடத்துகிறேன். வையையில் புதுப்புனல் வந்து மதுரையே நீராடப் போகிற பாடல்கள். கம்பனில் புனல் விளையாட்டுக்கென்றே தனிப் படலம். நம் இலக்கியத்தில் பெண் குளிப்பதற்குக் குறைவே இல்லை. ஆனால் அங்கே அவள் எப்போதும் கரையிலிருந்து பார்க்கப்படுகிறாள், எப்போதும் இளமையாக இருக்கிறாள். பேச்சு வழக்கைப் பாருங்கள்: 'முழுகாம இருக்கா' என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று பொருள். பெண்ணின் குளியல்கூட அவள் கர்ப்பப்பையின் நாட்காட்டி. அந்த நாட்காட்டி முடிந்தபின் அவள் எப்படிக் குளிக்கிறாள் என்பதில் மொழிக்கு அக்கறை இல்லை. எங்கள் ஊர்ப் பெயரே 'மகப்பேறு' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. பெறுவதற்கு ஒரு சாமி இருக்கிறார். பெற்றவளுக்கு இரண்டே கால் அடி வாசல்.

அப்பா 2011இல் படுக்கையில் விழுந்தார். எட்டு மாதம். அவரைக் குளிப்பாட்டியது, கழுவிவிட்டது, துணி மாற்றியது எல்லாம் அம்மா. அவளுக்கு முடியாத நாட்களில் தம்பியின் மனைவி, அப்போது அவர்கள் இங்கே இருந்தார்கள். மாமனாருக்கு மருமகள் பெட்பேன் வைப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. 'எவ்வளவு பொறுப்பான பொண்ணு' என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். இப்போது அம்மா விழுந்ததும் என் கணவர் பதறிப்போய்த் தூக்கினார், ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார், இரவெல்லாம் வெளியே நின்றார். ஆனால் ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்து, அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போக அவர் எழுந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா குறுக்கே வந்து நின்றார். "மாப்பிள்ளை, நீங்க போய் உக்காருங்க." மாமியாரை மருமகன் தொடக் கூடாதாம், மானம் போகுமாம். மாமனாரை மருமகள் தொட்டால் போகாத மானம்! இந்த மானத்தை உற்றுப் பாருங்கள், அது எந்தப் பெண்ணையும் காப்பாற்றுவதில்லை. ஆண்களுக்கு விடுப்புக் கடிதம் எழுதித் தருவது மட்டுமே அதன் வேலை.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நாட்டு மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் ஓர் ஆய்வு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளில் 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். வீட்டிலிருப்பவர்களைப் பராமரிக்கிற வேலை என்று பார்த்தால் பெண் 134, ஆண் 76. இந்த நிமிடங்கள் அந்த வேலையைச் செய்கிறவர்களின் சராசரி. பராமரிப்பைத் தொடுகிறவர்களே பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம்தான். குளியலறை வரைபடம் போடுகிறவர் இந்த 14க்குள்ளும் இருக்க மாட்டார் என்பது என் துணிபு. ஒருவரை இன்னொருவர் குளிப்பாட்டும்போது அங்கே இரண்டு உடம்புகள் நிற்க வேண்டும், ஒன்று குனிய வேண்டும். ஒரே ஒரு முறை அதைச் செய்திருந்தால் நாலே முக்கால் அடி என்று கோடு போட அவர் கை வந்திருக்காது.

சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்தோம். ஏஜென்சி மூலம் திருநின்றவூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். காலை ரயிலில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஏழரைக்கு வந்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயது. அம்மாவைத் தூக்கித் தூக்கி இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தார். ஏஜென்சிக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் எவ்வளவு அவர் கைக்குப் போனது என்று கேட்டபோது, "விடுங்கம்மா" என்றார். நான் விட்டதுதான் தப்பு. யாருடைய மலத்தை யார் கழுவுவது என்பதில் சாதி இல்லாமல் இந்த நாட்டில் எதுவும் நடப்பதில்லை. ஏஜென்சிக்காரர் போனில் என்னிடம் கேட்காமலே "நல்ல ஆளுங்கதான் மேடம்" என்று சொன்னபோது, அந்த 'நல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றைத் தெரிந்துகொள்ள நாலு மாதம் ஆனது. என் அம்மாவைக் குளிப்பாட்டிச் சுத்தமாக உட்காரவைக்கிற அந்த அக்கா, தன் தேவைக்கு மூன்று மாடி இறங்கிக் கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற கழிவறைக்குப் போனார். வாட்ச்மேனும் டிரைவர்களும் போகிற இடம். அதற்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்காருவாராம். "எங்க வீட்டுதையே பயன்படுத்தலாமே, ஏன் கேட்கலை?" என்றேன். "நீங்க சொல்லலியேம்மா" என்றார்.

தொட்டிக்கு வருகிறேன். பையன் அளந்துவிட்டுப் போன அன்று இரவு அம்மாவிடம் எல்லா மாடல்களையும் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தொட்டி வாணாண்டி. கதவைச் சாத்தணும்."

அம்மா பிறந்தது செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அவள் காலத்தில் பெண்களுக்குக் குளியல் தொட்டி இருந்தது, பம்புசெட் தொட்டி. விடிவதற்குள் நாலைந்து பேராகப் போக வேண்டும், பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும், ஒருத்தி வரப்பைப் பார்த்தபடி காவல் நிற்க, மற்றவர்கள் அவசர அவசரமாக முழுகி எழ வேண்டும். அந்தத் தொட்டியிலும் எல்லாரும் இறங்கிவிட முடியாது. பம்புசெட்டுக்காரர் யாரை விடுவார், யாரைத் தொலைவில் நிறுத்தி மண்டையில் ஊற்றுவார் என்பது சேரியும் ஊரும் அறிந்த கதை. வீட்டில் என்றால் கொல்லையில் கீற்றுத் தட்டி. கல்யாணமாகி வந்த வீட்டிலும் தட்டிதான், மூன்று பக்கம் மட்டும். "ஒடம்புல துணி இல்லாம ஒருநாள்கூட நான் குளிச்சதில்லடி, முகப்பேர் வர்ற வரைக்கும்" என்றாள். வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இந்தக் குளியலறைதான் அவள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை. அன்றைக்கு ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தாளாம். அப்பா வெளியிலிருந்து கத்தினாராம்.

முப்பத்தெட்டு வயதில் கிடைத்ததை எழுபத்தொரு வயதில் நான் பிடுங்கியிருக்கிறேன், பாதுகாப்பு என்ற பெயரில். பாதுகாப்பு என்ற சொல்லை நமக்கு எதிராக எத்தனை பேர் எத்தனை விதமாகப் பயன்படுத்தினார்கள்? விடுதிக் கதவை ஆறரை மணிக்குப் பூட்டினார்கள். ராத்திரி வண்டியில் போகாதே என்றார்கள். அதையெல்லாம் எதிர்த்து எழுதியவள், கையில் அதிகாரம் வந்ததும் முதலில் எடுத்த ஆயுதம் அதே சொல்.

தொட்டியை விட்டேன். மேஸ்திரியைக் கூப்பிட்டேன். கேள்வியை மாற்றிக் கேட்டதும் பதில் மலிவாக வந்தது: அம்மா தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, விழாமல் குளிக்க என்ன வேண்டும்? வாசலை மூன்றடியாக இடித்து அகலப்படுத்தினோம். நிலைப்படியை எடுத்துவிட்டுத் தரையைச் சமமாக்கி, தண்ணீர் உள்மூலைக்கு ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். வழுவழு டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பானதைப் பதித்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே ஆள் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை அந்த உடம்பே அடைத்துவிடும், இதை எங்களுக்குச் சொன்னது பிசியோதெரபிஸ்ட் பெண். சுவரில் பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு மடக்கு இருக்கை, உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் படுகிற உயரம். கையில் பிடித்துக் குளிக்கிற ஷவர், உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுகிற குழாய், ஒரு அழைப்பு மணி.

கைப்பிடி விஷயத்தில்தான் முதலில் ஏமாந்தோம். துண்டு மாட்டுகிற கம்பி வேறு, ஆள் பிடிக்கிற கம்பி வேறு. முதலாவது சாய்ந்து தொங்கினால் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும். செங்கல் வரை துளைபோட்டு ஆங்கர் போல்ட் வைத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு கம்பி போதாது என்பதும் செய்த பிறகே தெரிந்தது. உள்ளே போகும்போது வலப்பக்கம் இருக்கிற கம்பி, திரும்பி வரும்போது இடப்பக்கம் ஆகிவிடுகிறது. அம்மா உள்ளே போய்விட்டாள், வெளியே வரப் பிடி இல்லாமல் நின்றாள். எதிர்ச்சுவரிலும் ஒன்று போட்டோம். கடைசியாகத் தாழ்ப்பாள். உள்ளே போட்டுக்கொள்ளலாம், ஆபத்து என்றால் வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பித் திறக்கலாம். எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய், ஆறு நாள் தூசி.

நாற்பத்தெட்டாயிரமும் சொந்த வீடும் உள்ளவளுக்கு இது முடிந்தது. வாடகை வீட்டுக்காரி சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். அதனால் இதை நல்ல மகள், சமர்த்து மகள் கதையாக யாரும் வாசித்துவிடக் கூடாது. முப்பது வருடத்துக்கு முன்பு வீடு கட்டும்போதே வாசலை மூன்றடி வைத்திருந்தால் அதற்குத் தனியாக எவ்வளவு ஆகியிருக்கும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒண்ணும் ஆகியிருக்காதும்மா, செங்கல் மிச்சமாகியிருக்கும்" என்றார்.

ஜப்பானியர்கள் தொட்டியில் அமிழ்ந்து குளிப்பதை உயிராக நினைப்பவர்கள். அங்கே 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. கவனிப்பு தேவை என்று சான்று பெற்ற முதியவரின் வீட்டில் கைப்பிடி பொருத்த, படியை நீக்க, வழுக்காத தரை போட, கதவை நகரும் கதவாக மாற்ற இரண்டு லட்சம் யென் வரையிலான வேலைக்கு அந்தக் காப்பீடு பணம் தருகிறது. வீட்டுக்காரர் பங்கு அதில் பத்து முதல் முப்பது சதவீதம். இங்கிலாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கே சக்கர நாற்காலி நுழையும்படியான வாசலும், நுழைகிற தளத்திலேயே ஒரு கழிவறையும் வேண்டும் என்று கட்டட விதி. பழைய வீட்டை மாற்றிக்கொள்ள, வருமானத்தைப் பார்த்து, முப்பதாயிரம் பவுண்டு வரை உள்ளாட்சி தருகிறது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயதான உடம்பு குளிப்பது அரசாங்கத்தின் விஷயம் என்றாவது எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. பழைய 1995 சட்டம் ஏழு வகை மாற்றுத்திறனைச் சொன்னது, இது இருபத்தொன்றைச் சொல்கிறது. பொதுக் கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்ற ஐந்து வருடம் கெடு வைத்தது. கெடு முடிந்துவிட்டது, படிகள் அப்படியே இருக்கின்றன. வாசல் 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி, வேண்டும் என்று மத்திய அரசின் 2021 வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. வழிகாட்டி என்றால் பிடித்தவர்கள் நடக்கலாம். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: சட்டம் கட்டாயம் என்கிறது, அதன்கீழ் எழுதிய விதியோ வெறும் பரிந்துரையாக இருக்கிறது, அது செல்லாது, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றது. ரத்தூரி பார்வையற்றவர். அவர் நீதிமன்றத்துக்குப் போனது 2005இல்.

இவ்வளவும் பொதுக் கட்டடத்தைப் பற்றிய பேச்சு. ரயில் நிலையம், கல்லூரி, அலுவலகம். வெளியே போக முடிகிறவர்களுக்கு அது உயிர்நாடி, நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வந்தால் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொள்கிறது. வீட்டுக்குள் மகள் இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள், பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. வீட்டு வன்முறைக்கும் ஒருகாலத்தில் இதே பதிலைத்தான் சொன்னார்கள், அது குடும்ப விஷயம் என்று.

பார்த்துக்கொள்கிறவளும் ஒருநாள் விழுவாள். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்த ப்ரீத்தி சீனிவாசன் 1998இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அப்பா இறந்து, பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் உடம்பு முடியாமல் போனபோது, தன்னைப் போன்ற பெண்கள் தங்கியிருக்க ஓர் இடம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. 2013இல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பை அவரே தொடங்க வேண்டியிருந்தது. தேவைப்பட்டவளே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இங்கே விதி என்றால், சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எதற்கு?

பெற்றவளைக் குளிப்பாட்டுவது புண்ணியம் என்று என்னிடம் சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. அவ்வளவு பெரிய புண்ணியத்தை ஆண்கள் ஏன் நமக்கே விட்டுவைத்தார்கள்? கோயிலில் கருவறை வரை போகிற புண்ணியத்தையெல்லாம் அவர்களே வைத்துக்கொண்டு, இதை மட்டும் தாராளமாகத் தருகிறார்கள். அம்மாவைத் தொடுவது எனக்குப் பாரமில்லை. இப்போது அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், முதுகு தேய்க்கிறேன், வெள்ளிக்கிழமைகளில். அவள் கூப்பிட்டால். கூப்பிடாத நாட்களில் நான் உள்ளே போவதில்லை.

அம்மா இப்போது தினமும் குளிக்கிறாள், நாற்பது நிமிடம். நான் வெளியே விடைத்தாள் திருத்திக்கொண்டு இருப்பேன். ஷவர் சத்தம் நின்றுவிட்டால் பேனா நின்றுவிடும். ஒருமுறை எழுந்து கதவருகே போய்விட்டேன். "அங்க இன்னாடி நிக்கற, போய் வேலையப் பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என் நிழல் கதவிடுக்கில் தெரிந்திருக்கிறது.

வாட்டம் இன்னும் சரியாக அமையவில்லை. கழிவறைக் கோப்பை பக்கம் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிறது, அதற்கு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வருகிறார். திருநின்றவூர் அக்கா இப்போது எங்கள் குளியலறையைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் இந்தக் கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் இன்னும் ஏழு பேர். கீழே மோட்டார் அறைப் பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் விஷயத்தை அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு முறை வைத்தேன், இரண்டு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். நூற்றெண்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி மேலே வருவதற்கு முன்பு கீழே அந்த வேலையை முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.